குழலியின் உதடுகள்

என் தங்கை அந்த அறைக்குள் போனபோது நீங்கள் எழுந்து நின்று கைகூப்பியதைக் கண்டேன் ஐயா. உங்கள் நெற்றியில் திருநீறு இருக்கிறது. ஆகையால் ஏன் கைகூப்பினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஓயாமல் உதடு அசைகிறதே, இந்த அம்மாள் ஏதோ மந்திரம் உருவேற்றுகிறாள் என்று எண்ணியிருப்பீர்கள். தவறில்லை. நானும் அப்படித்தான் எண்ணினேன். எண்ணியதோடு நின்றேனா என்றால், இல்லை. அதைச் சொல்லத்தான் உங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர் என்று உங்கள் சீட்டு சொல்கிறது. அந்த வரிசை நகர இன்னும் நேரமாகும். எதிரே மூடியிருக்கும் இந்த அறை மனநலப் பிரிவு. என் தங்கை உள்ளே தனியாக இருக்கிறாள். நானும் உள்ளேதான் இருந்தேன். மருத்துவர் ஒரு பெண்; முப்பது வயதுக்கு மேல் இராது. நான் சொல்வதையெல்லாம் பாதி வரை கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க. நான் அவங்ககிட்ட தனியா பேசணும்" என்றார். இந்த இருபத்தாறு ஆண்டுகளில் என்னை வெளியே உட்காரச் சொன்ன முதல் மருத்துவர் அவர்தான். அவளிடம் தனியாகப் பேச என்ன இருக்கிறது? அவளைப் பற்றி அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெயர் வண்டார்குழலி. எங்கள் தகப்பனார் தலந்தலமாகப் போய் அம்பிகையின் திருநாமங்களைத் தேடிக்கொண்டுவந்து பெண் குழந்தைகளுக்கு வைத்தவர். வீட்டில் குழலி. என் பெயர் அம்பலவாணன். பதிவுத்துறையில் நகல் எழுத்தராக இருபத்தொன்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிழையாக எழுதியதில்லை. எனக்கு மணமாகவில்லை. அதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இருபத்தைந்து வயதில் கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் வந்து, தட்டச்சுப் பொறிக்குள்ளிருந்து தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். பிறகு எதிர்வீட்டுக் குழாயிலிருந்து. பிறகு கோயில் ஒலிபெருக்கியிலிருந்து. திட்டுகிறார்கள் என்றாள். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று பத்து நாள் உண்ணாமல் கிடந்தாள். பேய் ஓட்ட அழைத்துப் போ என்று சொன்னவர்கள் உண்டு. நான் போகவில்லை. பெருமான் மருந்தாகவும் வருவான் என்று நம்புகிறவன் நான். இதே மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள்; அதனால் கை நடுங்காதிருக்க இன்னொரு சிறு மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் குரல்கள் தணிந்தன. அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, பசிக்குது" என்றாள். அந்த மாத்திரை அவளை மீட்டுத் தந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நான்காம் ஆண்டில் ஒரு தவறு செய்தேன். அவள்தான் கேட்டாள். கையும் காலும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, தூக்கத்திலேயே நடக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா என்று அழுதாள். அழுகையைக் கண்டு மனம் இளகிவிட்டேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று பயம். முதலில் பாதியாக்கினோம், பிறகு நிறுத்தினோம். ஐந்து வாரம் தாமரை மலர்ந்தாற்போல இருந்தாள். சிரித்தாள், பாடினாள். ஆறாம் வாரம் ஒரு விடியற்காலையில் வீட்டில் இல்லை.

பதினோரு நாள் ஐயா.

கடற்கரை ஊர் ஒன்றில் மீன் காயவைக்கும் களத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த பெண்கள் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். செருப்பில்லை. பாதம் இரண்டும் வெடித்துச் சீழ் கோத்திருந்தன. முழங்கால் வரை தொங்கும் கூந்தலை யாரோ கழுத்தளவாகக் கத்தரித்திருந்தார்கள். எங்கே இருந்தாள், எதை உண்டாள், யார் கத்தரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்காமலிருப்பதே அவளுக்கு நான் செய்யும் நன்மை என்று இருந்துவிட்டேன். இன்றுவரை கேட்கவில்லை.

அன்று பூசை அறையில் விளக்கின் முன் நின்று சொல்லிக்கொண்டேன். இனி இவள் ஒரு வேளை மாத்திரையும் தவறவிட மாட்டாள். தவறவிட நான் விடமாட்டேன். சொன்னபடியே செய்தேன். காலையும் மாலையும் பூசை முடிந்ததும் அவளுக்குத் திருநீறு இட்டு, உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, தீர்த்தம் ஊற்றுவேன். விழுங்குவாள். "நாக்கைக் காட்டு" என்பேன். காட்டுவாள். இருபத்திரண்டு ஆண்டு. எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்த நாளிலும் தவறவில்லை. எந்தத் திருத்தலத்திலும் ஓர் இரவு தங்கியதில்லை. மாலைப் பூசைக்குள் வீடு திரும்பிவிடுவேன். வாசற்கதவுக்கு உட்புறம் பூட்டு ஒன்று போட்டேன். சாவி என் அரைஞாணில். பூட்டி வைத்திருக்கிறான் என்று ஊரில் சிலர் பேசினார்கள். பூட்டுக்கு உள்ளேதானே நானும் இருந்தேன்?

இங்கே நடைமுறை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நோயாளி வரவேண்டிய கட்டாயமில்லை. நோட்டைக் கொண்டுபோனால் போதும். முந்தைய மாதம் எழுதியதைப் பார்த்து, அதே மருந்து தொடரட்டும் என்று எழுதி, முத்திரை குத்தி, மருந்து தருவார்கள். பேருந்தில் அவளுக்குக் கால் ஒரு நிலையில் நிற்காது, எழுந்து நிற்பாள், உட்காருவாள், நிற்பாள், சனங்கள் பார்ப்பார்கள். எதற்கு என்று நான் மட்டுமே வந்துபோனேன். ஒன்பது ஆண்டு இப்படி. நடுவில் இரண்டு மருத்துவர்கள், "அடுத்த தடவை அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். சரி என்றேன். அவர்களும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். நன்றாக நடப்பதை எதற்காகக் கலைக்க வேண்டும்? நகல் எழுதுகிறவனுக்குத் தெரியும். மூலத்தில் கை வைத்தால்தான் வில்லங்கம்.

இப்போது உதட்டுக்கு வருகிறேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு சோமவாரம். எங்கள் வீட்டில் திங்கள்தோறும் கூட்டுப் பாராயணம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வாகீசம் பிள்ளை என்று ஒரு பெரியவர் முன்னின்று நடத்துவார். குழலி எப்போதும் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருப்பாள். பதிகம் எதுவும் அவள் மனத்தில் தங்காது. ஐந்தெழுத்தையாவது சொல் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன். "தலைக்குள்ள நிக்க மாட்டேங்குதுண்ணே" என்பாள். அன்று பாராயணத்தின் நடுவே நிமிர்ந்து பார்க்கிறேன். அவள் உதடுகள் அசைகின்றன. நாங்கள் நிறுத்தியபோதும் அவை நிற்கவில்லை. தாடை மெல்ல மெல்ல அசைகிறது. நாக்கு நுனி வெளியே வந்து உள்ளே போகிறது. உதடு குவிகிறது, விரிகிறது. ஓசை இல்லை. விளக்கொளியில் அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்தாறு ஆண்டாக நான் வேண்டியதற்குப் பெருமான் விடை தந்துவிட்டான் என்று அழுதேன். எல்லோர் முன்னிலையிலும் அழுதேன்.

வாகீசம் பிள்ளை எழுந்து வந்து அவள் முன் நின்று பார்த்தார். பிறகு, வாய்விட்டுச் சொல்வதைக் காட்டிலும் உதட்டளவில் சொல்வது பன்மடங்கு உயர்ந்தது, அதிலும் இடைவிடாமல் சொல்கிறாளே, இது யாருக்கு வாய்க்கும் என்றார். அன்றே அவளை அடுக்களை வாசலிலிருந்து எழுப்பி, விளக்குக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்தோம். அடுத்த வாரம் பூ வந்தது. அதற்கடுத்த வாரம் பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து, "அம்மா, திருநீறு பூசிவிடுங்க" என்றார்கள். மார்கழியில் தெருவில் பாதி வீட்டார் வந்துபோனார்கள். பைத்தியத்தின் அண்ணன் என்று என் முதுகுக்குப் பின்னே பேசின தெரு ஐயா அது.

குழலி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். மூடாதே என்பேன். "அண்ணே, எனக்கு வெக்கமா இருக்கு. நான் உள்ள போயிடட்டுமா?" என்று கேட்டாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று வாகீசம் பிள்ளையிடம் சொன்னேன். சோறு வாயிலிருந்து சிந்தியது. சிந்தனை இலையில் இல்லை, இறைவனிடம் இருக்கிறது என்றேன். இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொண்டு இரத்தம் வந்தது. கஞ்சியாகக் கரைத்துத் தரச் சொன்னாள். விரதமிருக்கிறாள் என்று எண்ணி அப்படியே கொடுத்தேன். நான் அவளுக்கு எதிலும் குறை வைத்ததில்லை.

மாசி மாதம். வீடு தேடி வந்து இரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிற தவமணி என்று ஒரு பெண் இருக்கிறாள். மாத்திரை எனக்குத்தான். என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே குழலியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் கேட்காமல் நேரே அவளிடம் கேட்டாள்.

"அக்கா, வாய் தானா அசையுதா?"

"ஆமா."

"எவ்ளோ நாளா?"

"மூணு வருசமா."

மூன்று வருடம் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. கார்த்திகையில் தொடங்கியது என்று திருத்தினேன். அது செபம் அம்மா, நோயில்லை என்றும் சொன்னேன். தவமணி என்னை மறுத்துப் பேசவில்லை. "செபம் சொல்றீங்களாக்கா?" என்று அவளையே கேட்டாள்.

குழலி என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல. வாய்தான் ஆடுது. நான் ஒண்ணும் சொல்லல. நிறுத்தப் பாக்கிறேன், நிக்க மாட்டேங்குது" என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் சந்தோசமாக இருந்தீர்களே என்றாள்.

அடுத்த திங்களும் பாராயணம் நடந்தது. வந்தவர்களிடம் என்ன சொல்வது? பலகையைப் போட்டேன். குழலி அடுக்களையை விட்டு வரவில்லை. கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். தவம் கலைந்துவிட்டது போலிருக்கிறது என்று வாகீசம் பிள்ளை என்னைக் கடிந்துகொண்டு போனார். அதன் பிறகு நால்வர்தான் வருகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்கிறேனோ?

தவமணி விடவில்லை. இது அந்த வெள்ளை மாத்திரையால் வந்ததாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்றாள். மூன்று முறை வந்தாள். கடைசியில் அவளே சீட்டு எழுதிக் கொடுத்து, நாளும் குறித்துக் கொடுத்து அனுப்பினாள். அப்படித்தான் இன்று வந்தோம்.

உள்ளே அந்தப் பெண் மருத்துவர் குழலியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், விரல்களை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு சொன்னார். இந்தப் பழைய மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தாடையும் இப்படித் தாமாக அசையத் தொடங்கும். தொடக்கத்திலேயே பார்த்திருந்தால் மாற்றியிருக்கலாம். சட்டென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் அசைவும் கூடலாம், குரல்களும் திரும்பலாம். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அசைவு குறையலாம், குறையாமலே நின்றும் விடலாம். அப்போது அதற்கென்று தனியாக மருந்து பார்க்க வேண்டும். இவ்வளவும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். நன்றாகப் படித்தவர்தான்.

என் நிலைமையைப் பாருங்கள். மாத்திரையை எழுதியவர் யாரோ. ஆனால் அதை அவள் உள்ளங்கையில் வைத்தது இந்தக் கை. தீர்த்தம் ஊற்றி வைத்தது. வைத்ததனால் அவள் வாய் போயிற்று என்கிறார்கள். வைக்காத ஆறு வாரத்தில் அவளே போய்விட்டாளே, அது மட்டும் பொய்யா? வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம் என்றால் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பூசையில் இதைத்தான் கேட்கிறேன். இந்த ஒன்றரை மாதமாக ஒரே கேள்வி.

குறைப்பது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளே அந்தக் களம் தெரிந்தது. கருவாட்டு வாடை அடித்தது. அம்மா, பதினோரு நாள் என்று ஆரம்பித்தேன். பாதியில்தான் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

உங்களிடம் ஒன்று சொல்லலாமா? நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். இந்தத் துணிப்பையில் பழைய மாத்திரை இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் முன்னதாகவே வந்து வாங்கிவிடுவேன், அப்படிச் சேர்ந்தது. புயல், வேலைநிறுத்தம் என்று எதுவும் வரலாமே. இவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதட்டும். புதியதை அவர்கள் சொன்னபடி கொடுப்பேன். பழையதையும் குறைக்காமல் கொடுப்பேன். பொடித்துக் கஞ்சியில் கலந்தால் அவளுக்குத் தெரியாது. பாவம் என்கிறீர்களா? அவள் தொலைந்துபோவதைவிடவா பாவம்? அசையட்டும் ஐயா, வாய்தானே அசைகிறது. வீட்டுக்குள் இருந்தபடி அசையட்டும்.

சற்றுப் பொறுங்கள். கதவு திறக்கிறது.

*

நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள், கேட்டிருப்பீர்கள். ஆனால் அவள் பேச்சு இப்போது குழறும், பழகாதவர்களுக்குப் பிடிபடாது. நான் சொல்கிறேன்.

இவ்வளவு நேரம் என்ன பேசினாய் என்று கேட்டேன். "அந்தப் பதினோரு நாளைக் கேட்டாங்க. சொன்னேன்" என்றாள்.

என்ன சொன்னாய் என்றேன்.

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சுண்ணே."

அவ்வளவுதான். மாத்திரையை மாற்ற ஒப்புக்கொண்டாளாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தானே வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாளாம். பேருந்தில் நின்றுகொண்டே வருவாளாம். பயமாக இல்லையா, அந்தக் குரல்கள் திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "எனக்கும் பயம்தான். வந்தா யார்கிட்ட சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்று ஒரு தாளைக் காட்டினாள். கையை நீட்டினேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு பையைக் கேட்டாள். வீட்டில் பழைய மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவர் கேட்டாராம். வீட்டில் இல்லை, அண்ணன் கையிலிருக்கிற பையில் இருக்கிறது என்றாளாம். எப்படித் தெரியும் அவளுக்கு? என் படுக்கைக்கு அடியில், பூட்டிய பெட்டியில் வைத்திருந்தேன். இன்று காலை அவள் குளிக்கப் போனபோதுதான் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் இருந்தீர்கள், வரிசையில் இத்தனை பேர் இருந்தார்கள். அவள் அழவில்லை, கத்தவில்லை. உதடு அதன்பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தது. கொடுத்துவிட்டேன்.

வாங்கிக்கொண்டு போனவள் நின்று திரும்பினாள். "சட்டைப் பையில இருக்கிற மாத்திரை அட்டையையும் குடுங்கண்ணே" என்றாள்.

அதை நான் உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

அதையும் கொடுத்தேன். எழுந்து கூடவே போகப் பார்த்தேன். "நீங்க இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். கதவையும் அவளே சாத்தினாள்.

உங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார்கள் ஐயா. முன்னேயே ஒருமுறை கூப்பிட்டார்கள். நான்தான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். போங்கள். நான் இங்கேதான் இருப்பேன், வேறெங்கே போவது? அவள் வருவாள். புதிய மாத்திரை எந்த வேளைக்கு எத்தனை என்று அவளிடம்தான் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளை எதுவும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.